எல் தாமிராவில் சொன்ன ஜெபம்

நீங்கள் இன்னும் அந்தக் கடையில் சாப்பிடவில்லை என்றால், போகாதீர்கள் என்றுதான் சொல்வேன், இன்ஸ்பெக்டர் அம்மா. விசாரணைக்குப் போய்வந்தீர்களே, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்றா அங்கே செத்துப்போனான் என்பதற்காகச் சொல்லவில்லை. சாப்பாடே சரியில்லை. தட்டைத் தொட முடியாத அளவுக்குக் காய்ச்சிக் கொண்டுவருகிறார்கள், அதன்மேல் இருக்கிற அடையும் கறியும் ஆறிப்போய்க் கிடக்கின்றன.

முன்பு அந்த இடத்தில் டிராக்டர் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெருமாள்புரத்தைத் தாண்டி நான்குவழிச் சாலைக்கு ஏறுகிற வழி. இப்போது கண்ணாடியெல்லாம் கறுப்பாக்கி, சுவருக்கு மஞ்சளும் ஊதாவும் அடித்து, ‘எல் தாமிரா, மெக்சிகன் உணவகம்’ என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். ஆற்றின் பெயருக்கு முன்னால் எல் எதற்கு என்று முதலாளியைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. வாசலில் தொட்டி தொட்டியாகக் கள்ளிச்செடி, அத்தனையும் பிளாஸ்டிக். சாத்தான்குளம் பக்கம் வேலியில் மண்டிக் கிடக்கிற கள்ளியை வெட்ட ஆள் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். இங்கே அதற்கு மேலே ஒரு விளக்கு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு கூட்டம். பாளையங்கோட்டையே அந்த மாதம் அங்கேதான் கிடந்தது. டாக்டர்கள், பேராசிரியர்கள், சபைக் கமிட்டிக்காரர்கள் எல்லாரும் மடியில் துணியை விரித்துக்கொண்டு மக்காச்சோள அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

உங்களுக்கு அவசரம் இருக்கும். இருந்தாலும் நான் வரிசையாகத்தான் சொல்வேன். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மேஜையில் நாங்கள் ஐந்து பேர். நான் எலியேசர், ரயில்வேயில் வேலை பார்த்து, இட்டார்சியிலும் போபாலிலும் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவன். மனைவி சாலோமி போய்ச் சேர்ந்துவிட்டாள். எஸ்றாவும் ஹெப்ரானும் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். ஹெப்ரான் பிறகு அதே பள்ளிக்கூடத்தில் வணிகவியல் வாத்தியார் ஆனான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வியாபாரம் சொல்லிக்கொடுத்தவன், ஒரு சோப்பு வாங்கக்கூட வீட்டில் கேட்டுவிட்டுத்தான் வாங்குவான். அவன் மனைவி சுகிர்தா. அவளுக்கு யார் எதைச் சொன்னாலும் கண் கலங்கும். எஸ்றாவின் மனைவி ரீபா. இவ்வளவுதான் ஆட்கள்.

எஸ்றா ஹூஸ்டனில் எண்ணெய்க் குழாய் போடுகிற கம்பெனியில் இருந்தான். சம்பாதித்தது போதும் என்று ஊருக்கு வந்து, வீடு கட்டி, வந்த மறுவருஷமே கமிட்டிக்கும் வந்துவிட்டான். அரை டிரவுசரோடு மார்க்கெட்டுக்குப் போவான். அதைப் பார்த்து, எவ்வளவு எளிமையான மனுஷன் என்று உருகினார்கள். நான் லுங்கியோடு போனால் அதே ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவன் எதைச் சொன்னாலும் அதற்குச் சிரிப்பதற்கு நாலு பேர் தயாராக இருந்தார்கள். அவன் சொன்னதில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்காது.

நீங்கள் எங்கள் சபை இல்லை. அதனால் ஒன்றை விளக்க வேண்டியிருக்கிறது. எங்களில் ஒருவர் ஜெபிப்பார், மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். ஜெபிக்கிறவர் மனதிலிருந்து சொல்வார், எழுதிவைத்துப் படிப்பதில்லை. அவர் ஆமென் என்று முடிக்கிறவரை யாரும் கண்ணைத் திறக்க மாட்டார்கள். கைப்பிள்ளை அழுதாலும், அடுப்பில் பால் பொங்கினாலும் அப்படித்தான். சிறுவயதிலிருந்து அடித்துப் பழக்கின பழக்கம். ஜெபிக்கிறவர் மட்டும் திறந்துகொள்ளலாம், அது யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் எப்போதும் திறந்துகொண்டுதான் ஜெபிப்பேன். கண்ணை மூடியிருக்கும்போதுதான் இந்த மனிதர்கள் சகிக்கும்படியாக இருக்கிறார்கள்.

எனக்கு ஜெபிக்க வரும். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, சிலருக்குப் பாட்டு வருவது மாதிரி எனக்கு அது. வடக்கே இருந்தபோதும் லீவில் வந்தால் கல்யாணத்துக்கும் வீட்டுப் பிரதிஷ்டைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு அசனத்துக்கும் நான்தான். அசனம் என்றால் பண்டிகை நாளில் சபையார் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அத்தனை ஆயிரம் பேர் இலைக்கு முன்னால் கண்ணை மூடிக் காத்திருக்க, நான் ஜெபிப்பேன். எனக்கு வீடில்லை, பிள்ளையில்லை, அந்த ஒன்றுதான் இருந்தது.

போன அசனத்தில் சோறும் கறிக்குழம்பும் பரிமாறியாகிவிட்டது. நான் ஒலிபெருக்கியில் ஜெபித்துக்கொண்டிருந்தேன். வியாதியஸ்தர்களை முடித்துவிட்டு விதவைகளுக்கு வந்திருந்தேன். “விதவைகளின் கண்ணீரைத் துடைக்கிற ஆண்டவரே” என்று சொல்லி மூச்சு வாங்கினேன். அந்த இடைவெளியில், பந்தியின் நடுவிலிருந்து எஸ்றா, “ஆமென்” என்றான். அவனுக்குக் கணீரென்ற குரல். அவ்வளவுதான், பந்தல் முழுவதும் ஆமென் என்றது. ஒரே நேரத்தில் அத்தனை கையும் சோற்றில் இறங்கியது. நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். ஒருவரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு பார்த்தார்கள், பார்த்துச் சிரித்தார்கள். குருவானவரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு நான் தெருவில் நடந்தால் பின்னாலிருந்து யாராவது ஆமென் என்பார்கள். மருந்துக் கடையில் நின்று மாத்திரைப் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒருவன் சொன்னான். சாலோமியின் கல்லறையில் பூ வைக்கப் போனபோது, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவன் சொன்னான். எனக்கு வலித்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. கமிட்டியில் எஸ்றா எழுந்து, இனி அசன ஜெபம் சுருக்கமாக இருக்கட்டும், வேறு யாராவது சொல்லட்டும் என்றானாம். எல்லாரும் சரி என்றார்களாம். இதை ஹெப்ரான் வந்து என்னிடம் சொன்னான், ஏதோ வானிலை அறிக்கை வாசிக்கிற மாதிரி.

கொஞ்ச நாள் கழித்து அவன்தான் சமாதானம் பேசவும் வந்தான். “எஸ்றா மனசு சங்கடப்படுதாம்லே. வெளையாட்டா செஞ்சது இப்படி ஆயிப்போச்சேன்னு ஒரே பொலம்பல். நீ ஒரு வார்த்தை பேசு” என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தான்.

எஸ்றா எடுத்தவுடனே ஆரம்பித்துவிட்டான். “ஏ எலி, தப்புதாம்லே. கமிட்டில நான் பேசுதேன், இந்த வருசம் அசனத்துக்கு நீதான். சனிக்கிழமை புதுசா தொறந்திருக்கானே, அந்த மெக்சிகன் கடைக்கு வா. நம்ம அஞ்சு பேரும் உக்காந்து சாப்பிடுவோம். நீ ஜெபி, எம்புட்டு நேரம் வேணும்னாலும் ஜெபி. நீயா முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் தொறக்க மாட்டேன்.”

வாயைத் திறக்க மாட்டேன் என்று அவனேதான் சொன்னான். ஹெப்ரானைக் கேளுங்கள், பக்கத்தில்தான் நின்றான்.

இதை மன்னிப்பு என்று ஹெப்ரான் நினைத்துக்கொண்டான். ஆயிரக்கணக்கான பேருக்கு முன்னால் ஒருவனின் வாயிலிருந்து ஆமெனைப் பிடுங்கிவிட்டு, ஐந்து பேருக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கள்ளிச்செடியின் அடியில் அதைத் திருப்பிக் கொடுப்பதாம். அசனத்தையும் அவனே எடுப்பானாம், அவனே தருவானாம். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை எல்லாரும் எஸ்றாவின் காரில் போனோம். வழியில் ரீபா அவனிடம், “இன்னைக்காவது சும்மா இருங்க. அண்ணன் ஜெபிக்கும்போது கொறட்டை விடுத மாதிரி, இருமுத மாதிரி ஏதாவது கூத்து பண்ணுனீங்கன்னா நான் பேச மாட்டேன்” என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவன் காதைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினான். அவனுக்கு அந்தப் பழக்கம் உண்டு. பள்ளிக்கூடத்திலேயே ஜெப நேரத்தில் குறட்டை விட்டு ஹெப்ரானைச் சிரிக்கவைத்து, அவனை அடிவாங்க வைப்பான். அறுபது வயதிலும் அதை விடவில்லை.

கடையில் எங்களுக்கு ஒரு மூலை. சுவரை ஒட்டி அரைவட்டமாக வளைந்த சோபா, நடுவில் வட்ட மேஜை. சோபாவின் நடுவில் எஸ்றா உட்கார்ந்தான். அவனுக்கு வலது பக்கம் நான், இடது பக்கம் ரீபா, ஓரங்களில் மற்ற இருவரும். நடுவில் இருக்கிறவர் வெளியே வர வேண்டுமென்றால் பக்கத்தில் இருக்கிறவர்கள் எழுந்து வழிவிட வேண்டும். அந்த இடத்தை அவனாகத்தான் தேர்ந்தெடுத்தான். நடுவில் உட்காராவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

உணவுப் பட்டியல் அட்டையை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொன்னான். இது அங்கே தெருவில் விற்கிறது, இது கல்யாணத்துக்குச் செய்வது என்று. சுகிர்தா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அட்டையில் வெண்ணெய்ப்பழப் படத்தைக் கண்டு கண் கலங்கிவிட்டது, குற்றாலத்தில் அவள் அப்பா வாங்கிக் கொடுப்பாராம். ஹெப்ரான் தண்ணீர்க் கோப்பையில் செருகியிருந்த எலுமிச்சைத் துண்டை எதற்கென்று தெரியாமல் தின்றுவிட்டான். பரிமாற வந்த பெண்ணுக்குப் பெரிய ஓலைத் தொப்பி ஒன்றை மாட்டிவிட்டிருந்தார்கள், குனிந்தால் அது சாப்பாட்டின் மேல் இடிக்கிறது. ரோஷ்னி என்று பெயர், ஜார்க்கண்ட் பெண். தமிழும் வராது, ஆங்கிலமும் வராது.

முதலில் மக்காச்சோள அப்பளமும் தொட்டுக்கொள்ள மூன்று கிண்ணமும் வந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று கறுப்பு. கறுப்புக்கு மோலே என்று பெயர். மிளகாய் வற்றலையும் சாக்லேட்டையும் சேர்த்து அரைத்துக் குழம்பு வைக்கிறவர்களை என்ன சொல்வது. எஸ்றாவுக்கு அதைப் பார்த்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. ஆனாலும் தொடவில்லை. அவனுக்கு நிலக்கடலை ஆகாது, ஒரு துளி உள்ளே போனாலும் மூச்சு அடைத்துவிடும். சில கடைகளில் அந்தக் குழம்பில் கடலை அரைத்துப் போடுவார்களாம், சில கடைகளில் போட மாட்டார்களாம். அவன் அந்தப் பெண்ணிடம் ஹூஸ்டன் ஆங்கிலத்தில் கேட்டான். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

“ஏ எலி, நீதாம்லே இந்திக்காரன். கேட்டுச் சொல்லு” என்றான்.

நான் கேட்டேன். மூங்ஃபலி என்றாள் அவள். இந்தியில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். வறுத்து, தோல் நீக்கி, நிறைய அரைத்துப் போடுவோம் என்று கையால் அரைக்கிற மாதிரி காட்டியும் சொன்னாள். இன்னொரு தடவை கேட்டேன், இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அவளாகவே, உங்களில் யாராவது அதைச் சாப்பிட மாட்டார்களா, வேறு கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். அப்படி யாரும் இல்லை, எல்லாரும் சாப்பிடுவார்கள் என்று அனுப்பிவிட்டேன். அவள் உங்களிடம் கொடுத்த வாக்குமூலம் அத்தனையும் சரி. அவளை வேலையைவிட்டு நிறுத்திவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அந்தத் தொப்பியிலிருந்து விடுதலை கிடைத்ததே என்று இருக்கட்டும்.

மேஜையில் நான் சொன்னது, “எள்ளு, வத்தல், சாக்லேட். கடலை கெடையாது.”

“நல்லா கேட்டீங்களா அண்ணே?” என்றாள் ரீபா.

“ரெண்டு தடவை கேட்டேம்மா” என்றேன். அது பொய்யில்லை.

இப்போது உங்கள் முகத்தில் ஒரு தெளிவு வருகிறது. தேடினது கிடைத்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஏட்டையாவும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் பொறுங்கள். கடலையால் எஸ்றா சாகவில்லை. அவன் ஜாக்கிரதையான ஆள். பேனா மாதிரி ஒரு ஊசி எப்போதும் அவன் வலது பக்கத்து டிரவுசர் பையில் இருக்கும். துணிக்கு மேலேயே தொடையில் குத்திக்கொள்ளலாம், ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிறவரை உயிரைப் பிடித்து வைக்கும். எந்த விருந்துக்குப் போனாலும் அதை எடுத்துக் காட்டி ஒரு பிரசங்கம் செய்யாமல் இருக்க மாட்டான். அன்றைக்கும் சுகிர்தாவுக்குக் காட்டிவிட்டுத்தான் பையில் வைத்தான். அந்த ஊசியைக் குத்தியிருந்தால் இந்நேரம் அவன் யாரையாவது பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்றையும் திருத்திக்கொள்ளுங்கள். இந்தக் கடலைப் பேச்செல்லாம் அமெரிக்காவில் பிடித்துவந்த அலட்டல் என்று நினைத்தேன், உயிர்போகிற விஷயம் என்று தெரியாது என்று முதல்நாள் ஏட்டையாவிடம் சொன்னேன். ஹெப்ரானுக்கு என்றைக்காவது ஞாபகம் வந்து உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில், விளையாட்டு விழா அன்று, எஸ்றாவுக்குப் பரிசாகக் கடலைமிட்டாய் கொடுத்தார்கள். தின்றுவிட்டு மைதானத்திலேயே விழுந்தான். உதடு தடித்து, கண் இரண்டும் மூடிக்கொண்டன. வாத்தியார்கள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் அவனைச் சைக்கிளில் ஏற்றி, ஒரு கையால் அவனைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தேன். முதுகில் அவன் மூச்சு விசில் அடித்துக்கொண்டே வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அவ்வளவுதான் தம்பி என்று டாக்டர் என்னிடம்தான் சொன்னார். ஆகவே எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அவன் அம்மா அன்றைக்கு என் தலையில் கை வைத்து அழுதாள். என் தம்பியைக் காப்பாற்றினவன் என்று எஸ்றாவின் அக்கா கல்யாண வீட்டில்கூட என்னை எல்லாருக்கும் காட்டினாள். எஸ்றா மட்டும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. அவனுக்கு அது கூச்சமாக இருந்திருக்கும். சைக்கிளில் தொங்கிக்கொண்டு வந்தவன் என்று சொன்னால் யாரும் சிரிக்க மாட்டார்களே.

சரி, மேஜைக்கு வருகிறேன்.

எங்கள் வழக்கப்படி ஜெபிக்காமல் ஒரு வாய்கூட வைக்கக் கூடாது. எஸ்றாவுக்கு அதெல்லாம் கிடையாது. பெரிய தட்டு வரும்போது ஜெபித்தால் போதும், இதெல்லாம் கொறிக்கிறதுதானே என்று சொல்லிக்கொண்டே அப்பளத்தை ஒடித்து அந்தக் கறுப்புக் குழம்பில் முக்கினான். “சும்மா சொல்லக் கூடாதுலே, ஹூஸ்டன்ல கூட இந்த ருசி கெடையாது” என்றான். கிண்ணத்தை வழித்துத் தின்றான். நான் தண்ணீர் குடித்துக்கொண்டு அவன் மேலுதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அது சிவந்தது. காதின் பின்புறத்தைச் சொறிந்தான். தொண்டையைச் செருமினான். அந்த நேரத்தில் சரியாக, புகை கக்கிக்கொண்டு பெரிய தட்டுகள் வந்தன.

ஜெபிப்போமா என்றேன்.

கையைக் கோத்துக்கொண்டு ஜெபிப்பது எங்கள் வழக்கமில்லை. அதுவும் அவன் ஹூஸ்டனிலிருந்து இறக்குமதி செய்ததுதான். சாப்பாட்டு மேஜையில் எல்லாரும் கைகோத்துக்கொள்ள வேண்டும் என்பான். அவனாகவே இரண்டு கையையும் நீட்டினான். இடது கையை ரீபா பிடித்துக்கொண்டாள், வலது கையை நான். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுத்தான் கண்ணை மூடினான். அந்தச் சிரிப்பில் கேலி ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை, ஆனால் அவனைப் பற்றி எனக்குத் தெரியும்.

நான் ஆரம்பித்தேன். விதைத்தவனுக்காகவும் அறுத்தவனுக்காகவும் நன்றி சொன்னேன். மக்காச்சோளம் விளைந்த தூரதேசத்துக்காக, பாபநாசத்து அணையில் ஏறின தண்ணீருக்காக, பரிமாறின அந்தப் பெண்ணின் கைகளுக்காக. அவள் தூரத்தில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நின்றாள், ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று. கடையில் மேளம் மாதிரி ஒரு சங்கீதம் ஓடிக்கொண்டிருந்தது. குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

எஸ்றா கண்ணைத் திறந்தான். முகம் தடித்துக்கொண்டு வந்தது. என்னைப் பார்த்தான். நானும் அவனைப் பார்த்துக்கொண்டுதான் ஜெபித்தேன். நான் கண்ணைத் திறந்துகொண்டு ஜெபிக்கிறவன் என்பது அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வலது கையை இழுத்தான். நான் விடவில்லை. இடது கையை இழுத்தான். ரீபா அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலேயே, “சும்மா இருங்க” என்று முணுமுணுத்தாள். பழைய கூத்தை ஆரம்பிக்கிறான் என்று அவள் நினைத்தாள். அவன் நெஞ்சிலிருந்து அந்த விசில் சத்தம் வந்தது. ஹெப்ரான் உதட்டைக் கடித்துக்கொண்டு தோளைக் குலுக்கினான், குறட்டை விட்டுக் காட்டுகிறான் என்று அவனுக்குச் சிரிப்பு. சுகிர்தா, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், கன்னத்தில் கண்ணீர். மேஜை ஒரு தடவை குலுங்கியது. இந்தத் தடவை இவனுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று மூன்று பேரும் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார்கள். எனக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். அதை நான் மறக்க மாட்டேன்.

பிறகு வியாதியஸ்தர்களுக்கு வந்தேன். அதற்குப் பிறகு விதவைகளுக்கு. விதவைகளின் கண்ணீரைத் துடைக்கிற ஆண்டவரே என்று, விட்ட இடத்தைத் தொட்டு, அசனத்தில் சொல்ல முடியாமல்போனது முழுவதையும் நிதானமாகச் சொன்னேன். ஒரு சொல்லைக்கூட விழுங்கவில்லை. கடைசியாக எஸ்றாவுக்காக ஜெபித்தேன். எங்களைச் சேர்த்துவைத்த நட்புக்காக, அவன் காட்டின தாழ்மைக்காக, இந்த நாள்வரை நீர் அவனுக்குக் கொடுத்த மூச்சுக்காக நன்றி என்று சொன்னேன். மனதிலிருந்துதான் சொன்னேன். அவன் இழுப்பது குறைந்தது. இடது கையும் தளர்ந்திருக்க வேண்டும், ரீபாவின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

ஜெபத்தில் இருக்கும்போதே எடுத்துக்கொள்ளப்பட்டான், பாக்கியவான் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அடக்க ஆராதனையில் நான்தான் ஜெபித்தேன். ஒரு இருமல் சத்தம்கூட இல்லை. ரீபா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவுங்களுக்காகக் கடைசியா நீங்க ஜெபிச்சீங்களே அண்ணே, அது போதும்” என்றாள். இந்த வருஷ அசனத்துக்கும் என்னையே கேட்டிருக்கிறார்கள். எஸ்றா சாவதற்கு முந்தின நாளே கமிட்டிக்கு எழுதிக் கேட்டுக்கொண்டானாம். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறான். அதை முன்பே தெரியப்படுத்தியிருக்கலாம்.

நான் அவனை ஏமாற்றவில்லை, அம்மா. அவனுக்கு வழி இருந்தது. ஜெபத்தை நிறுத்த எங்களில் ஒரே ஒரு சொல்தான் உண்டு, அதை எப்படிப் பிடுங்குவது என்று அவனைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. நான் மூச்சு வாங்கும்போதெல்லாம், அன்றைக்கு வாங்கினதைவிட நீளமாகவே இடைவெளி விட்டேன். அவன் புரிந்துகொண்டான். கடைசியில் என் முகத்தைப் பார்த்து, வாயைத் திறந்தான், மூடினான், மறுபடியும் திறந்தான். ஆமென் என்றுதான் அந்த வாய் அசைந்தது. நான் காதைக் கொடுத்துக் கேட்டேன். கணீரென்று அந்தக் குரல் வந்திருந்தால் அந்த இடத்திலேயே கையை விட்டிருப்பேன், ஊசியையும் நானே எடுத்துக் குத்தியிருப்பேன். சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

பிறகு நானே சொன்னேன். எல்லாரும் கூடச் சொன்னார்கள், ரீபாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். அதற்கு அப்புறம்தான் அவன் கையை விட்டேன்.